மீனுக்கு ஒரு பரீட்சை

திண்டுக்கல்வாசிகளாகிய நமக்குக் கடல் என்பது ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டிய வஸ்து. மேற்கே கொடைக்கானல் மலை, கிழக்கே சிறுமலை, நடுவே மலைக்கோட்டை. எந்தத் திக்கில் நின்று பார்த்தாலும் அலை தெரியாது. ஆயினும் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் நம் ஊர்க் கடைகளில் சீலாவும் சங்கராவும் நண்டும் இறாலும் வந்து குவிந்துவிடுகின்றன. இராமேசுவரத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் ஐஸ் பெட்டிகளில் ஏறி, 200 கிலோமீட்டரும் அதற்கு மேலும் சமவெளி வெயிலைக் கடந்து அவை வருகின்றன. கடற்கரையில் வசிப்பவர் மீனை மட்டும் விசாரித்தால் போதும். நாமோ மீனையும் விசாரிக்கவேண்டும். அது வந்த வழியையும் விசாரிக்கவேண்டும். அந்த விசாரணையைப் பரிசோதனைச் சாலைகளில் எவ்வாறு நடத்துகிறார்கள் என்பதை இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்ல உத்தேசம்.

நம் வீட்டுப் பெண்மணிகளும் மீனைப் பரீட்சை செய்யாமல் வாங்குவதில்லை. செவுளைத் தூக்கிப் பார்க்கிறார்கள். சிவப்பாக இருக்கிறதா என்று கவனிக்கிறார்கள். கண் பிதுங்கித் தெளிவாக இருக்கவேண்டும். குழிந்து மங்கியிருந்தால் ஆகாது. விரலால் அழுத்தினால் பள்ளம் மேலெழவேண்டும். கடைசியில் மூக்குத் தீர்ப்புச் சொல்கிறது. தலைமுறை தலைமுறையாக வந்த இந்தப் பரீட்சையை நாம் குறைவாகப் பேசமாட்டோம். ஆனால் இது ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை தருகிறது: மீன் புதியதா, பழையதா என்பதே அந்தக் கேள்வி. மீனை அழுக வைக்கும் கிருமிகள் ஒரு கூட்டம். மனிதனுக்கு நோய் தரும் கிருமிகள் வேறொரு கூட்டம். முதற் கூட்டத்தார் நாற்றத்தால் தம்மைக் காட்டிக்கொடுத்துவிடுகிறார்கள். இரண்டாங் கூட்டத்தாருக்கு அந்த நாணயம் கிடையாது. பளபளவென்று மின்னும் புதிய இறாலிலும் அவர்கள் மணமின்றி, நிறமின்றி உட்கார்ந்திருக்கக்கூடும்.

இந்த இரண்டாங் கூட்டத்தாரிலும் இரு வம்சங்கள் உண்டு. ஒரு வம்சம் கடலிலேயே பிறந்து வளர்ந்தது. விப்ரியோ என்னும் குடும்பத்தைச் சேர்ந்த கிருமிகள் அவை. காலராக் கிருமியும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். மற்றொரு வம்சம் கரையிலிருந்து போய் ஒட்டிக்கொண்டது. ஸால்மொனெல்லா, எஷரீஷியா கோலி முதலியவை மனிதர், பிராணிகள் ஆகியோரின் குடலில் வசிப்பவை. சாக்கடை கலந்த முகத்துவார நீர், அசுத்த ஜலத்தில் உறைய வைத்த ஐஸ், கழுவாத கை, கழுவாத கூடை ஆகியவற்றின் வழியாக மீனை வந்தடைபவை. முதல் வம்சத்துக்குக் கடலைக் குற்றம் சொல்லலாம். இரண்டாவது வம்சத்துக்கு நம்மைத்தான் சொல்லவேண்டும்.

கடல்வாழ் கிருமியின் கொடுமை உலகத்துக்கு வெளிப்பட்டது 1950-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில். ஜப்பானில் ஒஸாகா நகரப் பக்கத்தில், அரைகுறையாக உலர்த்திய சின்னஞ்சிறு மீன் குஞ்சுகளைத் தின்ற 272 பேர் நோயுற்றனர். அவர்களுள் 20 பேர் இறந்தனர். நம் ஊர் நெத்திலிக் கருவாட்டை முழுக்கக் காயவிடாமல் எடுத்தால் எப்படியோ, அப்படிப்பட்ட பண்டம் அது. ஒஸாகா சர்வகலாசாலையைச் சேர்ந்த புஜினோ என்னும் பேராசிரியர் அதிலிருந்து ஒரு புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். இன்று அதற்கு விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்று பெயர். பெயர் நீளமானது, நாம் இக்கட்டுரையில் ‘உப்புக் கிருமி’ என்று அழைப்போம். உப்பு இல்லாத இடத்தில் அது வளராது என்பதே அந்தப் பெயருக்குக் காரணம்.

இக்கிருமிகளின் பலம் பெருக்கத்தில் இருக்கிறது. நல்ல உஷ்ணத்தில் ஒரு கிருமி 20 நிமிஷத்துக்கு ஒரு தரம் இரண்டாகப் பிளப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மணியில் மூன்று தரம். நான்கு மணியில் பன்னிரண்டு தரம். ஒன்றை இரண்டால் பன்னிரண்டு முறை பெருக்கினால் 4096. காலை ஆறு மணிக்கு ஒரு துண்டு மீனில் பத்துக் கிருமிகள் இருந்தால், பத்து மணிக்கு நாற்பதினாயிரத்துக்கு மேல் ஆகிவிடும். ஐஸுக்குள் இருக்கும்வரை இந்தக் கணக்கு நடவாது. 5 டிகிரிக்குக் கீழே உப்புக் கிருமி பெருகுவதில்லை. சித்திரை மாதத்து வெயிலில் ஐஸ் உருகி, மீன் தரையில் கிடக்கும் அந்தச் சில மணி நேரத்தில்தான் காரியம் நடக்கிறது.

இனிப் பரிசோதனைச் சாலைக்குள் போவோம். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் கிருமி தெரியாதோ என்று நேயர்கள் கேட்கலாம். தெரியும். ஆனால் ஒரு துண்டு மீனில் பல்லாயிரம் கிருமிகள் இருக்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை சாதுக்கள். அத்தனை பேர் நடுவே ஐந்தாறு போக்கிரிகள் இருந்தால், உருவத்தைப் பார்த்து அடையாளம் சொல்ல முடியாது. குச்சியாக இருப்பவை எல்லாம் குச்சியாகவே தெரிகின்றன. ஆகையால் விஞ்ஞானிகள் வேறு தந்திரம் செய்கிறார்கள். போக்கிரிகளைத் தேடிப் போகாமல், அவர்களுக்கு மட்டும் பிடித்தமான விருந்து வைத்து, வரவழைத்துப் பெருக்கிப் பிடிக்கிறார்கள்.

ஸால்மொனெல்லாவைத் தேடும் முறையை எடுத்துக்கொள்வோம். சுத்தமான கருவிகளால் 25 கிராம் மீனை வெட்டி எடுத்து, 225 மில்லிலிட்டர் பெப்டோன் நீரில் போட்டுக் கூழாக்குகிறார்கள். ஐஸில் உறைந்து குற்றுயிராய்க் கிடந்த கிருமிகளுக்கு இது நோயாளிக்குக் கொடுக்கும் கஞ்சி போன்றது. நம் உடம்பின் சூடாகிய 37 டிகிரியில் ஓர் இரவு வைத்தால் அவை தேறிக்கொள்ளும். மறுநாள் அதில் ஒரு துளியை எடுத்து, மற்றக் கிருமிகளை வதைத்து ஸால்மொனெல்லாவை மட்டும் தாங்கவிடும் கடுமையான கஷாயங்களில் விடுகிறார்கள். மூன்றாம் நாள் தட்டில் தீட்டுகிறார்கள். நான்காம் நாள் தட்டில் கறுத்த மையத்துடன் செந்நிறப் புள்ளிகள் தோன்றினால் சந்தேகம் பலப்படுகிறது. அதற்கு மேலும் சில சோதனைகள் செய்து தீர்ப்புச் சொல்ல ஐந்து நாள் வரை ஆகலாம்.

காலராக் கிருமிக்கும் உப்புக் கிருமிக்கும் வைக்கும் விருந்து வேறு. காரச் சுவையேறிய பெப்டோன் நீரில் அவை ஆறு மணி நேரத்தில் மற்றவற்றை முந்திக்கொண்டு பெருகும். பிராண வாயுவை நாடி அவை மேலே வந்து மிதக்குமாதலால், பாத்திரத்தைக் குலுக்காமல் மேற்பரப்பிலிருந்து ஒரு வளையத்தளவு எடுத்தால் போதும். அதைத் தீட்டுவதற்கு ஜப்பானியர் 1963-ல் ஒரு பச்சை நிறத் தட்டை வகுத்தனர். காலராக் கிருமி அதிலுள்ள சர்க்கரையைப் புளிக்கச் செய்து மஞ்சட் புள்ளியாகும். உப்புக் கிருமி அந்தச் சர்க்கரையைத் தொடாது. பச்சைப் புள்ளியாகவே நிற்கும். கண்ணுக்குத் தெரியாத ஜீவனை நிறத்தினால் பேசவைக்கும் இந்த யுக்தியை வியக்காமல் இருக்க முடியவில்லை.

தட்டு, தட்டு என்கிறோமே, அதில் இருப்பது என்ன? நேயர்களின் வீட்டிலேயே அது இருக்கக்கூடும். நோன்பு காலத்தில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கடல்பாசி காய்ச்சிக் கட்டியாக உறையவிட்டுத் துண்டு போடுகிறார்களே, அந்தப் பண்டந்தான். அகர் என்பது அதன் சாஸ்திரப் பெயர். 1881-க்கு முன் ஜெர்மனியில் ராபர்ட் காக் என்னும் மேதையின் பரிசோதனைச் சாலையில் மிருகங்களின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து எடுத்த ஜெலட்டினில் கிருமிகளை வளர்த்துவந்தனர். கோடை வந்தால் அது உருகி ஓடிவிடும். அங்கே பணி புரிந்த ஹெஸ்ஸே என்பவரின் மனைவி பானி அம்மையார், தம் சமையலறையில் பழப்பாகு உறைய வைக்க அகரைக் கையாண்டுவந்தார். ஜாவாவில் வசித்த குடும்பத்தாரிடமிருந்து கற்றுக்கொண்ட பழக்கம் அது. அவர் சொன்ன யோசனையால் கிருமி சாஸ்திரத்துக்கு உறுதியான தரை கிடைத்தது. 1887-ல் பெட்ரி என்பவர் மூடியுள்ள கண்ணாடித் தட்டைச் சேர்த்தார். இன்றும் உலகமெங்கும் அந்தத் தட்டுத்தான். மன்னார் வளைகுடாவில், இராமநாதபுரம் ஜில்லாக் கரையோரத்துப் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசியிலிருந்து அகர் செய்கிறார்கள். மதுரைப் பக்கத்திலே அதற்கு ஆலைகள் உண்டு. மீனைத் தரும் கடலே மீனைச் சோதிக்கும் சாதனத்தையும் தருகிறது.

தட்டில் புள்ளி தோன்றியதோடு வேலை முடிந்ததா? இல்லை. மஞ்சட் புள்ளியாக வருவன எல்லாம் காலராக் கிருமி அல்ல; காலராக் கிருமியாகவே இருந்தாலும் எல்லாம் கொள்ளைநோய் பரப்புவன அல்ல. இங்கேதான் ஸீரம் என்னும் இரத்த நீர் உதவிக்கு வருகிறது. ஒரு கிருமியின் மேற்புறத்துக்கென்றே உண்டான எதிர்ப்பொருள் அந்த இரத்த நீரில் இருக்கும். ஒரு துளியைக் கிருமியோடு கலந்தால், பொருந்தியவுடன் கிருமிகள் திரிதிரியாகச் சேர்ந்துகொள்ளும். பொருந்தாவிட்டால் பால் போல் கலங்கியே நிற்கும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டுக்குச் சொந்தக்காரர்களாகிய நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை. திண்டுக்கல் பூட்டு அதற்கென்று செய்த சாவிக்குத்தான் திறக்கும். வேறு சாவியைத் திருகிப் பயனில்லை.

ஆனால் சாவி திறக்கவில்லை என்பதால் பூட்டே இல்லை என்று சொல்லிவிடலாமா? இந்தக் கேள்வி நம் மாகாணத் தலைநகரிலேயே ஒருநாள் எழுந்தது. 1992-ஆம் வருஷக் கடைசியில் சென்னையில் காலராவைப் போன்ற பேதி பரவிற்று. நோயாளிகளின் மலத்திலிருந்து எடுத்த கிருமி, தட்டில் காலராக் கிருமி போலவே வளர்ந்தது. ஆனால் காலராவுக்குரிய ஓ-1 ஸீரத்தில் அது திரளவில்லை. ‘ஓ-1 அல்லாதவை கொள்ளைநோய் பரப்பமாட்டா’ என்பது அந்நாள் வரையில் சாஸ்திர உலகத்தின் கொள்கை. புத்தகத்தை மட்டும் நம்பியிருந்தால், ‘இது காலரா அன்று’ என்று எழுதிக் கோப்பை மூடியிருக்கலாம். நோயாளியையும் பார்த்த வைத்தியர்களும் விஞ்ஞானிகளும் அவ்வாறு மூடவில்லை. அதுவரை உலகில் அறியப்பட்டிருந்த 138 ஸீரங்களில் எதற்கும் அது இணங்கவில்லையாதலால் ஓ-139 என்று புதிய எண் பெற்றது. வங்காள விரிகுடாவை ஒட்டிய கரைகளில் முதலில் அகப்பட்டதால் ‘வங்காளம்’ என்ற பட்டப் பெயரும் சேர்ந்தது. இன்று நம் தேசத்து உணவு விதிகளில், மீனில் இருக்கவே கூடாத காலராக் கிருமிகள் என்று ஓ-1, ஓ-139 ஆகிய இரண்டையும் பெயர் சொல்லிக் குறித்திருக்கிறார்கள். ஒரு பரீட்சை, கேட்ட கேள்விக்கு மாத்திரமே விடை சொல்லும். பள்ளிக்கூடத்தில் பல வருஷங்களாக வினாத்தாள் தயாரித்துவரும் நமக்கு இந்த உண்மை நன்றாகவே தெரியும். கேளாத கேள்வியில் தேறியதாக யாருக்கும் சான்று வழங்க முடியாது.

மற்றுமொரு கேள்வி, கிருமியிடம் ஆயுதம் இருக்கிறதா என்பது. காலராவில் மனிதனைக் கொல்வது கிருமியின் வெறும் இருப்பன்று. அது சுரக்கும் விஷம். 1959-ல் கல்கத்தாவில் சம்புநாத டே என்னும் இந்திய விஞ்ஞானி, கிருமிகளை முற்றும் வடித்து நீக்கிய திரவமே முயலின் குடலில் நீரைப் பெருகச் செய்கிறது என்று காட்டினார். ராபர்ட் காக் அதே கல்கத்தாவில் 1884-ல் காலராக் கிருமியைப் பிரித்தெடுத்து முக்கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. விஷத்தின் இருப்பைக் காட்டிய பெருமை எளிய சாதனங்களோடு உழைத்த ஒரு வங்காளிக்குக் கிடைத்தது. நம் குழந்தைகள் அறிந்திருக்கவேண்டிய பெயர் அது.

உப்புக் கிருமி விஷயத்திலும் இப்படியே. கடலிலும் மீனிலும் கிடைக்கும் உப்புக் கிருமிகளுட் பெரும்பாலானவற்றிடம் ஆயுதம் இல்லை. நோயாளியிடமிருந்து கிடைப்பவற்றிடமோ இரத்த அணுக்களைச் சிதைக்கும் ஒரு விஷம் பெரும்பாலும் காணப்படுகிறது. இரத்தம் கலந்த தட்டில் வளர்த்தால் புள்ளியைச் சுற்றித் தெளிந்த வளையம் தோன்றும். ஜப்பானில் கனகாவா என்னும் பிரதேசத்தின் பெயரால் இச்சோதனை வழங்குகிறது. 1996 பிப்ரவரி முதல் கல்கத்தாவில் பேதி நோயாளிகளிடம் ஓ-3 : கே-6 என்ற ஒரே ஜாதி உப்புக் கிருமி திடீரென்று மிகுதியாகத் தென்பட்டது. அங்கே தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் நாள்தோறும் மாதிரி எடுத்துச் சோதித்துவந்ததால்தான் அது கவனத்துக்கு வந்தது. அந்த ஜாதி பிறகு ஆசியாவெங்கும் பரவி, 1998-ல் அமெரிக்காவில் டெக்ஸாஸ் கடற்கரைச் சிப்பியைப் பச்சையாகத் தின்ற 400க்கு மேற்பட்டவர்களைப் படுக்கையில் தள்ளிய நோயிலும் காணப்பட்டது. கடலுக்கு ராஜ்ய எல்லைகள் தெரியா.

இந்நாளில் விஷத்தைத் தேடவே அவசியமில்லாமல், விஷம் செய்யும் சூத்திரத்தையே கிருமியின் டி.என்.ஏ.விலிருந்து தேடிவிடுகிறார்கள். 1983-ல் காரி மல்லிஸ் என்னும் அமெரிக்கர் நினைத்தறிந்த பி.ஸி.ஆர். முறை அது; 1993-ல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். ஒரு துணுக்கை இரண்டாக்கி, இரண்டை நான்காக்கி, நாம் மேலே போட்ட பெருக்கற் கணக்கையே கிருமிக்கு எதிராகத் திருப்பிவிடும் யந்திரம். சில மணி நேரத்தில் விடை கிடைக்கிறது. ஆனால் இதற்கும் ஒரு குறை உண்டு. செத்த கிருமியின் துணுக்கையும் அது கண்டுபிடித்துவிடும். கொதிக்க வைத்த இறாலில் பிணத்தைக் காட்டி, ‘திருடன் இருக்கிறான்’ என்று கூச்சலிடும். அகர்த் தட்டுக்கோ நேர்மாறான குறை. குளிராலும் பட்டினியாலும் சோர்ந்த கிருமி, உயிரோடிருந்தும் தட்டில் முளைக்காமல் மௌனமாக இருந்துவிடலாம். ஆகவே அனுபவசாலிகள் முதலில் கஞ்சி கொடுத்துத் தேற்றிப் பெருக்கி, பிறகு பி.ஸி.ஆர். செய்து, சந்தேகமானால் தட்டிலும் வளர்த்துப் பார்க்கிறார்கள்.

இத்தனையும் செய்து ‘கிருமி இல்லை’ என்று சான்று வந்துவிட்டால் லாரி முழுவதும் சுத்தம் என்று கொள்ளலாமா? இங்கே கொஞ்சம் கணக்குப் போடவேண்டும். ஒரு சரக்கிலிருந்து ஐந்து மாதிரி எடுப்பது வழக்கம். ஐந்தில் ஒன்றில்கூட ஸால்மொனெல்லா இருக்கக்கூடாது. நூறு பெட்டியில் பத்துப் பெட்டி கெட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பெட்டியை எடுத்தால் அது நல்லதாக இருக்க வாய்ப்பு பத்தில் ஒன்பது. ஐந்தும் நல்லதாகவே அகப்பட, அந்த ஒன்பது பத்தை ஐந்து தரம் பெருக்கவேண்டும். விடை, ஏறத்தாழ நூற்றுக்கு 59! அதாவது பத்தில் ஒரு பங்கு கெட்ட சரக்கு, பாதிக்கு மேற்பட்ட சந்தர்ப்பங்களில் பரீட்சையில் தேறிப் போய்விடும். நூற்றில் ஒன்றுதான் கெட்டது என்றால், நூற்றுக்கு 95 தடவை தேறிவிடும். மாதிரியைச் சோதிப்பவரின் குற்றம் அன்று இது. கணித சாஸ்திரத்தின் நியதி.

இந்த நியதியை உணர்ந்ததால்தான் உலகம் வேறு வழிக்குத் திரும்பியது. 1960-களில் விண்வெளி வீரர்களுக்கு உணவு தயாரிக்கவேண்டி வந்தபோது, முடிந்த பண்டத்தை எவ்வளவு சோதித்தாலும் நிச்சயம் பிறக்காது என்று அமெரிக்கர் கண்டனர். ஆகையால் பண்டம் வரும் வழியில் எங்கெங்கே ஆபத்து நுழையக்கூடும் என்று குறித்து, அந்தந்த வாசலில் காவல் வைத்தனர். ‘ஹாஸப்’ என்று அதற்குப் பெயர். மீனுக்கு அதைப் பொருத்தினால், வலையிலிருந்து ஐஸுக்கு எத்தனை நிமிஷம், ஐஸ் எந்த ஜலத்தில் உறைந்தது, பெட்டிக்குள் எத்தனை டிகிரி, வெட்டுகிறவர் கை கழுவினாரா என்பவைதான் கேள்விகள். பரிசோதனைச் சாலை அப்போது நீதிபதியாக இராமல், காவற்காரன் விழித்திருக்கிறானா என்று பார்த்துவரும் மேலதிகாரியாகிறது.

நம் தேசம் இந்தப் பாடத்தை அவமானத்தோடு கற்றது. 1997 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மீன் பண்டங்களுக்குக் கதவைச் சாத்திவிட்டது. இறால் முதலியவற்றில் ஸால்மொனெல்லாவும் உப்புக் கிருமியும் அகப்பட்டதும், ஆலைகளைப் பார்வையிட வந்தவர்கள் திருப்தி அடையாததும் காரணங்கள். டிசம்பரில், தகுதி பெற்ற ஆலைகளுக்கு மட்டும் கதவு திறந்தது. அதே டிசம்பரில் அமெரிக்காவும் கடலுணவுக்கு ஹாஸப் முறையைக் கட்டாயமாக்கியது. நம்மவர் சோர்ந்துவிடவில்லை. 1957-ல் கொச்சியில் தோன்றிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் போன்ற ஸ்தாபனங்களின் ஞானமும், ஏற்றுமதிப் பரிசோதனைச் சபையின் கண்டிப்பும், ஆலைக்காரர்களின் முதலும் ஒன்றுசேர்ந்து வெள்ளைக் கல் பதித்த கூடங்களும் பரிசோதனைச் சாலைகளும் எழுந்தன. இந்தியருக்கு முடியாது என்று சொன்னவர்களுக்கு அதுவே பதில்.

மகிழ்ச்சிதான். ஆனால் நாம் கேட்க விரும்புவது இது. தூத்துக்குடி இறால் கப்பலேறி அந்நிய தேசத்துக்குப் போகுமானால், அதற்கு 25 கிராம் கணக்கும், ஐந்து மாதிரிக் கணக்கும், டிகிரிக் கணக்கும் உண்டு. அதே இறால் லாரியேறித் திண்டுக்கல்லுக்கு வருமானால், அதற்கு வாங்குபவரின் மூக்கு ஒன்றே பரீட்சை. அந்நியன் வயிறு ஒன்று, நம் குழந்தையின் வயிறு வேறொன்றா? சுதந்திர தேசத்தில் நல்ல சரக்கு வெளியூருக்கு, மிச்சம் உள்ளூருக்கு என்ற பழைய வழக்கம் எதற்கு?

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் நம் ஊர்க் கடைக்கும் பொருந்தும். அதன் 40-வது பிரிவுப்படி, வாங்குபவர் எவரும் கடைக்காரருக்குத் தெரிவித்துவிட்டு, கட்டணம் செலுத்தி, உணவைப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்கு அனுப்பலாம். பண்டம் விதிக்கு மாறானது என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அரசாங்கப் பகுப்பாய்வுக் கூடம் ஒன்று மதுரையிலேயே இருக்கிறது. இந்த உரிமையை நம் நேயர்கள் அறிந்திருப்பது நல்லது. ஆனால் அறிக்கை தர அச்சட்டம் கொடுக்கும் தவணை 14 நாள். மீன் அத்தனை நாள் காத்திருக்குமா, குழம்பு காத்திருக்குமா? எனவே தனி மனிதர் ஒரு மீனைச் சோதிக்க அனுப்புவது பரிகாரம் அன்று. நகராண்மையாரும் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளும் வழியைச் சோதிக்கவேண்டும். மீன் சந்தைக்கு வரும் ஐஸையும், கழுவும் தண்ணீரையும் ஒழுங்காக மாதிரி எடுத்து, குடற் கிருமி இருக்கிறதா என்று பார்க்கலாம்; ஐஸில் குடற் கிருமி இருந்தால் அந்த ஐஸில் கிடந்த மீன்கள் அத்தனைக்கும் ஆபத்து. பெட்டி திறக்கும்போது ஓர் உஷ்ணமானியை மீனின் வயிற்றில் செருகிப் பார்ப்பதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. சோதனை முடிவுகளைச் சந்தை வாசலில் பலகையில் எழுதி வைத்தால், யோக்கியமான வியாபாரிக்கு அதைவிட விளம்பரம் வேண்டியதில்லை.

‘நாம் கொதிக்கவைத்துத்தானே உண்கிறோம், நமக்கென்ன?’ என்று சிலர் கேட்பார்கள். பெரும்பகுதி உண்மை. நன்றாகக் கொதித்த குழம்பில் மேலே சொன்ன கிருமிகள் பிழைப்பதில்லை. நம் முன்னோரின் சமையல் முறை ஒரு பெரிய காவல். ஆனால் மீன் வெட்டிய அரிவாள்மனையிலேயே வெள்ளரிக்காயும் வெங்காயமும் அரிந்தால், கொதியாத வழியாகக் கிருமி இலைக்கு வந்துவிடும். சூரை, கானாங்கெளுத்தி முதலிய மீன்கள் வெயிலில் கிடந்தால், கிருமிகள் ஹிஸ்டமின் என்னும் பொருளை உண்டாக்கிவிடும். கிருமி செத்தாலும் அது கொதியில் அழியாது. தடிப்பும் அரிப்பும் தலைவலியும் வருவதைப் பார்த்து ‘மீன் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நாம் சொல்வது சில சமயம் இதைத்தான். கொச்சி நிலையத்தார் 2018-ல் பார்மலின், அம்மோனியா ஆகியவற்றைக் கண்டுபிடிக்கக் கொண்டுவந்த காகிதத் துண்டுச் சோதனையைக் கிருமிச் சோதனை என்று மயங்கவும் வேண்டாம். அது கலப்படத்துக்கான கேள்வி. கிருமி அதில் அகப்படாது.

வீட்டில் செய்யத்தக்கவை எளியவை. மற்றக் காய்கறிகளை வாங்கி முடித்துக் கடைசியாக மீனை வாங்குவது, வாங்கியவுடன் வீடு திரும்புவது, ஓடும் நல்ல தண்ணீரில் கழுவுவது ஆகியவை முதல் மூன்று. உப்புக் கிருமிக்கு நல்ல தண்ணீர் ஆகாது என்பதால் அந்தக் கழுவலுக்கு இரட்டைப் பயன் உண்டு. மீனுக்கென்று தனி அரிவாள்மனை, தனிப் பாத்திரம் வைத்துக்கொள்வது நான்காவது. நேற்றைய மீன் குழம்புக்கு இன்று ருசி அதிகம் என்பதை நாம் மறுக்கவில்லை. ராத்திரி அதைக் குளிர்ப்பெட்டியில் வைத்து, காலையில் தளதளவென்று கொதிக்கவிட்டு உண்ணலாம்.

மிச்சமுள்ளது வீட்டுக்கு வெளியே நடக்கவேண்டிய வேலை. அடுத்த முறை நம் வார்டு அங்கத்தினர் வாசலுக்கு வரும்போது, சாலையையும் விளக்கையும் கேட்டுவிட்டு, ‘சந்தைக்கு வரும் ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைகிறது? கடைசியாக அதை எப்போது சோதித்தார்கள்?’ என்று இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்குமாறு நேயர்களை வேண்டிக்கொள்கிறோம். ஒரு வீட்டார் கேட்டால் சிரிப்பார்கள். ஒரு தெருவார் கேட்டால் குறித்துக்கொள்வார்கள். ஊரார் கேட்டால், மாதிரி எடுக்க ஆள் வருவார்கள்.